மூணுல ஒரு பங்கு முட்டை

ஏலே பேராண்டி, நான் இந்த அமெரிக்காவுல வந்து எறங்குன நாள்லேர்ந்து நீ காலைப் பலகாரம் செய்யுற அழகைத்தான் பாத்துக்கிட்டு கெடக்கேன். ஒரு ஆட்டுக்குட்டியக் கட்டிப் போடலாம், அம்புட்டுப் பெரிய அவன் அடுப்பு. அதுக்குள்ள ஒத்தக் கிண்ணம். 350-ன்னு திருகி விட்ட பாரு, எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. அப்புறமா சொல்லுத, அது பாரன்ஹீட்டாம், நம்ம கணக்குக்கு 180-க்குக் கொஞ்சம் கம்மியாம். மலையக் கெல்லி எலியப் பிடிச்ச கதை கேட்டிருக்கேன். நீ எலிய வேக வைக்க மலையவே சூடு பண்ணுத!

கோவிச்சுக்காத ராசா. போன சனிக்கிழமை லங்காஸ்டர் பக்கம் கார்ல கூட்டிட்டுப் போனீல்லா, தாடியும் தொப்பியுமா, பழைய கட்டுல வாழுத ஆமிஷ்காரன் கோவேறு கழுதையப் பூட்டி உழுதுக்கிட்டு இருந்தான். அவனோட பேசப் பாஷை தெரியலன்னாலும், வாய்க்கால் வரப்பு விவகாரம் பேசி மத்தியானத்தை ஓட்டியிருப்பேன். நீதான் வெயிலுன்னு வண்டிய விட்டு எறங்கல. நீ வேக வைக்கியே இந்த ஓட்ஸ் பலகாரம், அது அவங்க வீடுகள்ல பேர் போன சமாச்சாரம்னு நீயே சொன்ன. ஏழெட்டுப் பிள்ளைங்க சுத்தி உக்காருத வீடு. 13 அங்குல நீளம், 9 அங்குல அகலத்துல தட்டு. அதுல 3 கப் ஓட்ஸ், 2 முட்டை, வெண்ணெய், நாட்டுச்சீனி மாதிரி பழுப்புச் சீனி எல்லாம் போட்டு, வெட்டி வெட்டி வைப்பாக. அதத்தான் நீ ஒத்த ஆளுக்குச் சுருக்கப் பாக்குத.

சுருக்கு, வேண்டாங்கல. ஆனா கணக்கு எங்க ஒதைக்குது தெரியுமா? ஆறாப் பிரிச்சா அரை கப் ஓட்ஸ், சரி. முட்டை? மூணுல ஒரு பங்கு. எந்தக் கோழி அப்படி இடுது? நீ முழு முட்டையயும் ஒடைச்சு ஊத்தி, அது ஆம்லெட்டுக்கு அண்ணன் தம்பியா எந்திரிச்சு வந்ததும், ‘புரோட்டீன் தாத்தா’ன்னு சமாளிச்ச பாரு, அங்கதாம்ல ஒன் படிப்பு தெரிஞ்சது.

முட்டைய விடு. தோல்ல கருப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்துல பாதிய நல்லா மசி. பிடிமானத்துக்கும் அதுதான், இனிப்புக்கும் அதுதான். அரை கப் ஓட்ஸ், அரை கப் பால், கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள். உப்ப மறந்தேன்னு வையி, எம்புட்டு இனிப்புப் போட்டாலும் சப்புன்னுதான் கெடக்கும். கிண்ணத்துல முக்காலுக்கு மேல ஊத்தாத, பொங்கி வழிஞ்சா அவன் அடுப்பத் தேய்க்கப் போறது நானா?

ஓட்ஸுலயும் சாதி இருக்குடா. அவல் கணக்கா தட்டையா உருட்டினதுதான் இதுக்குத் தோது. நொய்யா வெட்டினது இருக்கே, அது அரைமணி நேரத்துல மசியாது, பல்லுக்கு வேலை வைக்கும். ஒடனடி ஓட்ஸ்னு விக்கானே, அது பசை. போஸ்டர் ஒட்டலாம்.

25 நிமிஷம். விளிம்பு செவந்து, நடுவுல தொட்டா அமுங்காம நிக்கணும். எடுத்து ஒரு அஞ்சு நிமிஷம் ஆற விடு, அப்பத்தான் இறுகும். மைக்ரோவேவ்ல ரெண்டே நிமிஷம்னு ஒன் சிநேகிதன் சொன்னானாமே. சொல்லுவான். வெந்துரும், ஆனா மேல அந்தச் செவந்த பொருக்கு வராது. பொருக்கு இல்லன்னா இதுக்குக் கஞ்சியே மேல், எனக்குக் கரண்டி கூட வேண்டாம்.

ரத்தக் கொழுப்பைக் குறைச்சு இருதயத்துக்கு நல்லதுன்னு ஓட்ஸ் டப்பாவுல போட்டிருக்கான். அப்படிப் போட்டுக்கிட 1997-லயே இந்த ஊரு அரசாங்கம் அனுமதி கொடுத்துட்டுதாம். ஓட்ஸ்ல இருக்கிற கரையுற நார் நாளைக்கு 3 கிராம் வேணும்ங்கான். ஒன் அரை கப்புல ஏறக்குறைய 2 கிராம் வரும். ஒனக்கு இருக்கிற கொழுப்புக்கு அது பத்தாது. அதுவும் நீ அதுக்கு மேல மேப்பிள் சிரப்ப வஞ்சகமில்லாம கவுத்துத. நாரு ஒரு பக்கம் இழுக்க, சீனி ஒரு பக்கம் இழுக்கும்.

சரி, எப்படியும் மலையச் சூடு பண்ணிட்ட. குழித்தட்டு ஒண்ணு வாங்கி, அளவையும் கூட்டிக் கலக்கி ஆறு குழியில ஊத்து. பிரிட்ஜ்ல மூணு நாலு நாள் கெடக்கும், வேணுங்கப்ப ஒண்ணச் சூடு பண்ணித் தின்னுட்டு ஆபீசுக்கு ஓடு. ஒத்த ஆளுன்னா ஒத்தக் கிண்ணந்தான் வைக்கணும்னு எந்தச் சட்டத்துலல இருக்கு?

அதுல ஒரு குழி எனக்கு. பழம் வேண்டாம், சீனி வேண்டாம். சின்ன வெங்காயம், பச்சமிளகா, சீரகம், கொஞ்சம் கருவேப்பில. பழம் இல்லல்லா, பிடிமானத்துக்கு முட்டை போட்டாகணும். மூணுல ஒரு பங்குன்னு கணக்குப் பாக்காத. முழுசாவே ஒடைச்சு ஊத்து.