பிளேன்ரீயில் ‘பிளேன்’: சொல்லும் பொருளும் குறித்து ஒரு முன்னாய்வு

0. முன்னுரை
ஆங்கிலத்தில் ‘பிளேன்’ என்றால் ஒன்றும் கலவாதது. அந்தப் பெயரடை யாழ்ப்பாணம் வந்து தேத்தண்ணியோடு ஒட்டிக்கொண்டபின் அதில் என்னென்ன கலந்தன என்பதே ஆய்வுப்பொருள். முன்னோர் இதை ஆராயவில்லை, குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

1. அகராதிச் சான்று
மானிப்பாய் அகராதி வெளிவந்தது 1842இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல். அகராதிகாரர் 25 ஆண்டு முந்திவிட்டார். இந்த அவசரம் ஆய்வுக்கு உதவாது.

2. நேர்ப்பொருள்
பால் இல்லை. (பனங்கட்டியைக் கடித்தபடி குடிப்பது துணைவகை. ஆதாரம்: அப்பாச்சி, வாய்மொழி, அடுப்படி, பின்னேரம்.)

3. குறிப்புப்பொருள்
அ) ‘இருங்கோ, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போகலாம்’: பருத்தித்துறை வடை, ஊர்ப் புதினம், ஒரு கல்யாணப் பேச்சு ஆகியன உள்ளடக்கம். (மேற்படி அப்பாச்சி. வடை இடைச்செருகல் என மறுப்பவர்: மாமி, விறாந்தை, குரல் உயர்ந்த நிலையில், கையில் அகப்பையுடன்.)
ஆ) மாதக் கடைசி.
இ) ஆகாயக் கப்பல். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமானபின் இப்பொருள் ஊருக்குக் கிட்ட வந்துவிட்டது. பெடியன் பிளேன் ஏறினால் வீட்டில் பிளேன்ரீ பால்தேத்தண்ணியாகும் என்பது விதி.

4. எழுத்தியல்
டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது நன்னூல். ஆகவே நாவலர் பிறந்த மண் ‘டீ’யை ‘ரீ’ என எழுதி இலக்கணம் காத்தது. ஆனால் அதே நூல் ரகரத்தையும் முதலில் விடாது. ‘இராமன்’ போல ‘இரீ’ என்றல்லவா வரவேண்டும்? ‘ரீ இங்கே சொல்லின் நடுவில்தானே நிற்கிறது’ என்பர் ஒரு சாரார். நடுவிலும் இடமில்லை: னகர மெய்யை அடுத்து ரகரம் நில்லாது, றகரமே நிற்கும். அப்படியானால் ‘பிளேன்றீ’. ஆனால் ‘ஒன்று’ ‘ஒண்டு’ ஆகும் யாழ்ப்பாண வாயில் அது ‘பிளேண்டீ’ ஆகிவிடும். படலையால் துரத்திய டகரம் வேலிப் பொட்டால் வந்து குந்திக்கொள்ளும். எஞ்சுவது ‘பிளேனிரீ’ ஒன்றே. (இதற்கு எதிராக: பண்டிதர் இருவர், தனித்தனியே, ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல், முப்பது வருசமாக, கையெழுத்துப் பிரதி, கறையான் அரித்த பக்கங்கள் நீங்கலாக. இருவரும் குடிப்பது கோப்பி.)

5. கள ஆய்வு
முடிவைச் சோதிக்க பஸ் நிலையத்தடிக் கடைக்குப் போனேன்.
“ஒரு பிளேனிரீ தாருங்கோ.”
முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
“பிளேனோ? பலாலி பஸ் அங்கால நிக்குது, ஐயா.”