பிரஷர்காரர்

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது நாளச் சுவரில் எழும் அழுத்தம் மேல் எண்ணாகவும், அது தளரும்போது எஞ்சும் அழுத்தம் கீழ் எண்ணாகவும் குறிக்கப்படும். பல நாள் அளந்தும் இவை 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நிற்குமானால் மருத்துவர் அதனை உயர் இரத்த அழுத்தம் என்பார். நடுத்தரக் குடும்பங்களில் அது நோயாக மட்டும் நின்றுவிடாமல் பதவியாகவும் உயர்ந்துவிடுகிறது. அப்பதவியை வகிப்பவரே பிரஷர்காரர்.

அவர் பிறப்பிக்கும் முதல் ஆணை, சமையலில் உப்பைக் குறைக்க வேண்டும் என்பது; பேரன் முதல் வந்துபோகும் சம்பந்தி வரை அனைவரும் சப்பென்ற சாம்பாருக்குப் பழகிக்கொள்ள, அவர் மட்டும் அதனை உள்ளே இறக்குவதற்கென மாவடுவையும் உப்பு நார்த்தங்காயையும் அப்பளத்தையும் துணைக்கழைத்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வரையறுத்துள்ள நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அடுப்பில் கொதிப்பதற்கே பொருந்தும், ஜாடியில் ஊறுவதற்குப் பொருந்தாது என்பது அவர் கண்ட உரை. அப்பளக்காரமும் சோடியம் சேர்ந்ததே என்றும், சோடியம் மிகுந்தால் உடல் நீரைத் தேக்கிக்கொள்ள, இரத்தத்தின் கன அளவு கூடி அழுத்தம் ஏறும் என்றும் எவரேனும் எடுத்துரைத்தால், தாம் இந்துப்புக்கு மாறிவிட்டதாகப் பெருமிதத்தோடு அறிவிப்பார். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை வேண்டும் என்று மருத்துவர் கூறியதை அவர் மறப்பதில்லை. பேச முடியும், பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான நடை என்பர். இவ்விலக்கணத்தின் முற்பாதியைப் பூங்காவின் சிமென்டு பெஞ்சில் அமர்ந்தபடியே நிறைவேற்றிவிட்டு, வழியில் இரண்டு போண்டாவோடு வீடு திரும்புவார்.

அழுத்தத்தை அளக்குமுன் 5 நிமிடம் வாய் திறவாமல் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அவரோ மகனைத் திட்டி முடித்த கையோடு கருவியைப் புயத்தில் சுற்றி, ஏறிய எண்ணை அவனிடமே சான்றாகக் காட்டுவார். எண் இறங்கிய நாளிலோ, இறக்கியது மாத்திரை என்பதை மறந்து மாத்திரையையே நிறுத்திவிடுவார்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இருப்பது. ஆதலால் அக்கருவியால் அடுத்து அளக்கப்பட வேண்டியவர், இத்தனையையும் வாய் பேசாமல் தாங்கிவரும் அவருடைய மனைவி.