கோட்டிலக்கணம்

நிரல் எழுதுவோருக்கு இலக்கணம் தெரியாது என்பது தமிழாசிரியர்களின் பழைய குறை. அதை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். சான்று, சி மொழியின் ‘கெட்ஆப்ட்’. கட்டளை வரியில் நாம் தட்டுவதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லும் இந்த உரையாசிரியரை ஏடி அண்ட் டி நிறுவனம் 1985இல் டல்லாஸ் மாநாட்டில் பொதுச்சொத்தாக்கியது.

முதலில் பெயரியல். ஒற்றைக் கோட்டுக்குப் பின் வரும் ஓரெழுத்து இடுகுறிப்பெயர். ‘-வி’ என்றால் ‘சிபி’ செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யும். அதே ‘-வி’க்கு ‘கிரெப்’ பொருந்தாத வரிகளைக் காட்டும். ‘எஸ்எஸ்எச்’சுக்குச் சின்ன ‘பி’ போர்ட் எண். அதன் உடன்பிறப்பு ‘எஸ்சிபி’யிடம் அந்த எழுத்து கோப்பின் நேரத்தைக் காக்கப் போய்விட்டதால், போர்ட்டுக்குப் பெரிய ‘பி’. இதைத் தடுமாறாமல் தட்டுபவரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை.

இரட்டைக் கோட்டுப் பெயர்கள் காரணப்பெயர்கள். ‘கெட்ஆப்ட்_லாங்’ இவற்றைக் கையாளும். ‘--வெர்போஸ்’ என்பதை ‘--வெர்ப்’ என்று பாதியில் விட்டாலும் புரிந்துகொள்ளும். ‘--வெர்’ என்றால் மட்டும், ‘--வெர்ஷன்’ பக்கத்தில் நிற்குமானால், முரண்டு பிடிக்கும்.

இனி வினையியல்; ஆய்வின் உயிர் இங்கேதான். ‘கெட்ஆப்ட்’டிடம் தரும் எழுத்து வரிசையில் ஓர் எழுத்தையடுத்து முக்காற்புள்ளி இருந்தால் அது செயப்படுபொருள் குன்றாவினை. ‘-ஓ’ என்றதும் ‘எதை?’ என்று கேட்கும். புள்ளி இல்லையேல் குன்றியவினை. க்னூ மரபினர் இரட்டை முக்காற்புள்ளியிட்டு, பொருள் வந்தாலும் வராவிட்டாலும் சரி என்றொரு மூன்றாம் வகையைச் சேர்த்தனர். தொல்காப்பியருக்கும் தோன்றாத தாராளம்! ஆனால் புணர்ச்சி விதி கடுமை. குன்றாவினையில் பொருள் ஒட்டியும் வரலாம், தள்ளியும் வரலாம். மூன்றாம் வகையில் ஒட்டியே வரவேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் அந்தச் சொல் அநாதை. இவ்விதியை அறிய ஒரு முழு மாலை தொலைந்தது. ஆய்வேடுகளில் அதற்குக் களப்பணி என்று பெயர்.

குன்றாவினையின் பசிக்கு எல்லையில்லை. ஒருநாள் என் நிரலுக்கு ‘-ஓ’ கொடுத்துவிட்டு, கோப்பின் பெயரை மறந்து, ‘-வி’ தட்டினேன். அடுத்து வந்தது கோடா எழுத்தா என்று பாராமல் அதையே விழுங்கி, ‘-வி’ என்ற பெயரில் ஒரு கோப்பை ஈன்றது. அழிக்கப் போனால் ‘ஆர்எம்’ அதையும் கட்டளையாகவே படித்து, ‘எதை அழிக்க?’ என்றது.

வெறும் இரட்டைக் கோடு ஒன்றை முன்னால் இட்டேன். இனி வருவன எல்லாம் பெயர்ச்சொல் என்பது அதன் பொருள். கோப்பு போயிற்று.