வயிற்றுக்குள் ஒரு சோப்புக் கம்பெனி

பித்தப்பைக் கல்லை ஒரே ராத்திரியில் இறக்கித் தரும் வள்ளல்கள் பெருகிவிட்டார்கள். பகல் முழுக்க ஆப்பிள் சாறு. ராத்திரி ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் டம்ளர் டம்ளராக. விடிந்தால் மலத்தோடு பச்சைப் பச்சையாய் உருண்டைகள். அதை அலசித் தட்டில் அடுக்கி, 'கத்தியில்லை, ரத்தமில்லை' என்று வீடியோ போட்டால் ஊரே கும்பிடுகிறது.

நியூஸிலாந்தில் ஒரு பெண் இப்படிப் பெற்றெடுத்த உருண்டைகளை ஃப்ரீசரில் பத்திரப்படுத்தி மருத்துவர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: அந்த உருண்டைகளில் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடத்தில் உருகி எண்ணெயாய் ஓடிவிட்டன. குடித்த எண்ணெய்தான் குடலுக்குள் சோப்பாகத் திரண்டிருக்கிறது! அசல் கற்கள் பித்தப்பைக்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. அவற்றை எடுக்கக் கடைசியில் அறுவை சிகிச்சைதான் தேவைப்பட்டது.

நம்மூர் வள்ளல்களுக்கு ஆலிவ் எண்ணெய் கட்டுப்படியாகாது. வாழைத்தண்டு, நெருஞ்சில், சிறுகண்பீளை போதும். இவையெல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்பட்டவை ஆயிற்றே என்று கேட்டால், "கல்னா கல்தானே தம்பி" என்கிறார்கள். பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் சம்பந்தமே கிடையாது. அடுப்படிச் சாக்கடை அடைத்ததற்கு மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும் வைத்தியம் இது.

கரடிப் பித்தத்தைச் சீன வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். அதிலிருக்கும் அர்சோடியாக்சிகோலிக் அமிலத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து மாத்திரையாக்கினார்கள். சிறிய கொலஸ்ட்ரால் கற்களை அது மாதக்கணக்கில் மெல்லக் கரைக்கும். நிறையப் பேருக்குக் கல் திரும்பியும் வரும். இவ்வளவையும் மறைக்காமல் சொல்கிறார்கள், பாவம், வியாபாரம் தெரியாதவர்கள். நம் மூலிகையையும் அப்படிச் சோதிப்போமே என்று வாய் திறந்தால் போதும், நாம் பாரம்பரியத் துரோகி.

பெரும்பாலான பித்தப்பைக் கற்கள் ஆயுசுக்கும் வலி தராமல் சும்மா கிடப்பவை. அந்தச் சும்மாவுக்கும் நம்மூர் வள்ளல் காசு வாங்குகிறான்.

1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் பித்தப்பைக் கல் பெயர் சொல்லியே இருக்கிறது. குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்தால், முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. யாரைப் பிடித்தீர்கள் ஐயா? அரசு ஆஸ்பத்திரி மதில் சுவரில் அவன் போஸ்டர் ஒட்டுகிறான். வாட்ச்மேன் பசைவாளியைத் தாண்டி நடக்கிறார். உள்ளே, கல் பித்தக்குழாயை அடைத்துக் கண் மஞ்சளாகி, கணையம் வீங்கி ஒருத்தி துடிக்கிறாள். மஞ்சள் காமாலை என்று ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவனிடம் கேட்டுப் பாருங்கள். பிழைத்தால் மூலிகையின் வீரியம். செத்தால், "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க பாரு, அங்கதான் கெட்டுச்சு."