சல்லடையின் கண்

கேள்வி: துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னரைத் திறந்து சோதிப்பது என்று கணிப்பொறியே சொல்லிவிடுகிறதாமே, இயந்திரத்துக்கும் பட்சபாதம் உண்டா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: 1961-இல் கடைசியாக முத்துக்குளிக்கும் சலாபம் நடந்த நம் கடற்கரையில், முத்துக்களைத் தரம் பிரிப்பதற்காக 20 கண்ணுள்ளது தொடங்கி 1000 கண்ணுள்ளது ஈறாகப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் வரிசையாகச் சலித்தார்களே, அந்தச் சல்லடைக்கு இன்னார் முத்து என்ற பேதம் தெரியாதென்பது சத்தியம், ஆயினும் அதன் கண்களைத் துளைத்தவன் மனிதன். சந்தேகப்பட்டவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணிப் பார்க்கலாம். கன்டெய்னரைத் தேர்ந்தெடுக்க 2005-இல் சுங்க இலாகா கைக்கொண்ட கணிப்பொறி அபாய மதிப்பீட்டு முறையின் கண்களை நாம் எண்ண இயலாது. கடத்தலைத் தடுக்க அங்கே ரகசியம் அவசியமே. அதே ரகசியத்தை, கணிப்பொறி தீர்மானிக்கும் ஒரு கிழவியின் பென்ஷனிலும் ஒரு மீனவரின் கடன் மனுவிலும் அனுமதிப்பது அநியாயம். தமிழக அரசு 2020-இல் செயற்கை நுண்ணறிவுக்கென்று வெளியிட்ட கொள்கை நியாயத்தையும் வெளிப்படைத்தன்மையையும் வற்புறுத்துகிறது; கொள்கை போதாது, சட்டம் வேண்டும். அதுவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீர்மானத்தின் காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும் கடமையை அரசு அலுவலகங்களுக்கு விதித்திருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.