உறையியல்: ஓர் ஆய்வு முன்வரைவு

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியை ஆர்தர் நிகிஷ் 1913இல் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவை வைத்து ஒலிப்பதிவு செய்தார். அது எட்டு இசைத்தட்டுப் பக்கங்களை விழுங்கியது. அரை மணி நேர இசைக்கு எட்டு முறை எழுந்துபோய் முள்ளை எடுத்து வைக்க வேண்டும். விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம், முடியவில்லை. அந்தச் சிம்பனியைப் பதிவு செய்யாத பெரிய குழு எது என்று இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பீத்தோவன் எழுதியதில் மாற்றம் ஒன்றுமில்லை, ஆனால் புதிய தட்டு வருவது நிற்பதில்லை. ‘இது தேவைதானா, முந்தையது போதாதா’ என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்த ஒருவரின் காதைப் பற்றியது இவ்வாய்வு.

இத்துறைக்கு முன்னோர் உண்டு. நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி 1923இல் லண்டனில் ‘கிராமபோன்’ இதழைத் தொடங்கினார். இசைத்தட்டு விமர்சனத்துக்கு இன்றும் அதுவே தலைமைப் பீடம். பிபிசி வானொலி 1957 முதல் ஒரே படைப்பின் பல பதிவுகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகக் கழித்து, வாங்கத் தகுந்த ஒன்றை அறிவித்து வருகிறது. இவான் மார்ச், எட்வர்ட் கிரீன்ஃபீல்ட், ராபர்ட் லேட்டன் ஆகிய மூவர் தொகுத்த பெங்குவின் கையேடு நெடுங்காலம் உயர்ந்தபட்சமாக மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அதுவும் போதாது என்று பட்டால் பக்கத்தில் ஒரு மலர்ச் சின்னம் பூத்தது. மலருக்குக் காரணம் கேட்கக் கூடாது. அது விமர்சகரின் சொந்த ஆசீர்வாதம்.

தீர்ப்பு காதில் பிறக்கிறது என்பர் ஒரு சாரார். இவர்களைச் செவிக் கட்சியார் என்போம். தட்டின் உறையில் அச்சிட்ட பெயரில் பிறக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. பெரும்பான்மை அவர்கள் பக்கம். சான்று நம் பக்கம்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியில் மூன்றாம் பகுதி மெல்ல நகர்வது. 1951இல் பேராய்த் நகரில் ஃபுர்ட்வேங்லர் நடத்தியபோது அது ஏறத்தாழ 19 நிமிடம் ஓடியது. 1987இல் ரோஜர் நாரிங்டன், பீத்தோவனே குறித்துவைத்த மெட்ரோனோம் எண்களை அப்படியே நம்பி, 11 நிமிடத்துக்குச் சற்று மேல் முடித்துவிட்டார். இசை ஒன்றுதான், இடையில் ஒரு குளியல் போடும் நேரம் வித்தியாசம். இரண்டும் போற்றப்பட்டன, இரண்டுக்கும் காரணங்கள் சொல்லப்பட்டன. உறையியலார் கவனிப்பது அந்தக் காரணங்களின் சொற்களைத்தான். மெதுவாக வாசித்தவர் காலமான மேதை எனில் அதற்கு ‘ஆழம்’ என்று பெயர். முப்பது வயதுக்காரர் எனில் ‘இழுவை’. வேகமாக வாசித்தவர் பழைய வாத்தியங்களைக் கையில் வைத்திருந்தால் ‘தூசு தட்டியிருக்கிறார்’. சாதாரண வாத்தியம் என்றால் ‘ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலும்’. இலக்கண நூலார் இதை இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் என்பர்.

பியானோ கலைஞர் கிளென் கூல்டு இந்த விதிக்கு அடங்க மறுத்தவர். பாக் இயற்றிய கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை 1955இல் நியூயார்க்கில் சுமார் 38 நிமிடத்தில் வாசித்துப் பதிவு செய்தார். 1981இல் அதே ஸ்டுடியோவில் அதே படைப்புக்கு 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். எது உயர்ந்தது என்று ரசிகர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். உறையில் ஒரே பெயர் இருப்பதால் நம் முறை இங்கே செயலிழக்கிறது என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அவர் வாசிக்கும்போதே முனகுவார். அது தட்டில் தெளிவாகக் கேட்கும். அவர் முனகினால் அது ஆன்மாவின் குரல். அறிமுகக் கலைஞர் ஒருவர் அப்படி முனகினால் ஒலிப்பதிவாளரின் கவனக்குறைவு. உறையியல் மீண்டும் உயிர்பெறுகிறது.

இனி முதன்மைச் சான்று.

ஜாய்ஸ் ஹேட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர் 1976க்குப் பிறகு மேடை ஏறவில்லை. புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. ஆனால் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் பெயரில் குறுந்தகடுகள் கொட்டத் தொடங்கின. பீத்தோவன், மொசார்ட், சோபின், லிஸ்ட், ரக்மானினோவ் என்று நூற்றுக்கு மேல். வெளியிட்டவர் கணவர் வில்லியம் பேரிங்டன்-கூப், சொந்த நிறுவனம். நோயுற்ற பெண்மணி, ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு, உலகம் மறந்த மேதை: இதைவிட நல்ல உறை எந்தத் தட்டுக்கும் வாய்த்ததில்லை. விமர்சகர்கள் உருகினார்கள். 2006 ஜூனில் அவர் இறந்தபோது இரங்கல் கட்டுரைகள் அவரை நாட்டின் மாபெரும் பியானோ கலைஞர்கள் வரிசையில் வைத்தன. கான்செர்டோக்களில் உடன் வாசித்த குழுவின் நடத்துநர் பெயர் ரெனே கோலர். அவருக்குத் துயரம் மிகுந்த வாழ்க்கை வரலாறு ஒன்றும் இருந்தது. ஆள்தான் இல்லை. ஒரு முழு வாத்தியக் குழு எங்கே கூடியது, யார் கூலி கொடுத்தார்கள், எந்த அரங்கம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு இரக்கம் இல்லை என்று பதில் வந்தது.

2007 தொடக்கத்தில் ஒருவர் ஹேட்டோவின் லிஸ்ட் தகட்டைக் கணினியில் போட்டார். ஐடியூன்ஸ் மென்பொருள் வழக்கம்போலத் தரவுத்தளத்தைக் கேட்டு, தகட்டின் பெயரைத் திரையில் காட்டியது. லிஸ்ட் சரி, டிரான்சென்டென்டல் எட்யூட்ஸ் சரி, கலைஞர் மட்டும் லாஸ்லோ சைமன். சுவீடனின் பிஸ் நிறுவனம் வெளியிட்டது. இரண்டு தகடுகளின் ஒலி அலைகளையும் வல்லுநர்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அச்சாகப் பொருந்தின. இதற்கிடையில் ராயல் ஹாலோவே கல்லூரி சார்ந்த ஆய்வாளர்கள் வேறு வேலையாக, சோபின் மசுர்க்காக்களை யார் யார் எப்படித் தாளம் நீட்டிச் சுருக்கி வாசிக்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தார்கள். ஹேட்டோவின் வாசிப்பும் யூஜின் இன்ட்ஜிக்கின் வாசிப்பும் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வெளுத்தது. ரக்மானினோவின் மூன்றாம் கான்செர்டோ, யெஃபிம் பிரான்ஃப்மன் சோனி நிறுவனத்துக்கு வாசித்தது. உடன் வாசித்தது லண்டனின் பில்ஹார்மோனியா, நடத்தியவர் எசா-பெக்கா சலோனன். சில பதிவுகளில் வேகத்தைக் கணினியில் கொஞ்சம் ஏற்றி இறக்கியிருந்தார்கள், திருட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவுவதுபோல. கணவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். மனைவி வலியில் முனகுவது பதிவில் விழுந்தது, அதை மறைக்கப் பிறர் வாசிப்பிலிருந்து துண்டுகள் எடுத்து ஒட்டத் தொடங்கினேன், பிறகு பெருகிவிட்டது என்றார். கூல்டு முனகியதை மறைக்க யாரும் இவ்வளவு பாடுபடவில்லை.

உறையியலுக்கு வேண்டிய முத்து இங்கேதான் கிடக்கிறது. பிரான்ஃப்மன் பெயரில் வந்தபோது உணர்ச்சி குறைவு என்று ஒதுக்கப்பட்ட அதே ரக்மானினோவ், ஹேட்டோ பெயரில் வந்தபோது மிகச் சிறந்த பதிவுகளுள் ஒன்றாகப் புகழப்பட்டது. மாறியது உறை மட்டும்.

செவிக் கட்சியார் ஒரு தடை எழுப்புவர்: ‘கண்டுபிடித்தது கணினியின் செவியல்லவா?’ அன்று. அந்தத் தரவுத்தளம் இசையைக் கேட்பதே இல்லை. தகட்டில் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை மட்டும் பார்த்து அடையாளம் சொல்கிறது. உலகத்து விமர்சகர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் கேட்டும் பிடிபடாதது, காதே இல்லாத ஒன்றிடம் சில நொடியில் பிடிபட்டது.

துணைச் சான்றுகள் இரண்டு. பியானோ கலைஞர் டினு லிபாட்டி 1950இல் இளம் வயதில் இறந்தார். சோபினின் முதல் கான்செர்டோவை அவர் வாசித்ததாக 1960களில் ஒரு தட்டு வெளிவந்து, அவருடைய கவித்துவத்துக்குச் சான்றாகப் போற்றப்பட்டது. 1981இல்தான் அது ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா வாசித்தது என்று தெரிந்தது. இங்கே மோசடி இல்லை, குழப்பம் மட்டுமே. ஹலினாவும் லேசுப்பட்டவரல்லர், 1949 சோபின் போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அடுத்தது 1952இல் ஃபுர்ட்வேங்லர் நடத்திய வாக்னரின் டிரிஸ்டன். அதில் பாடிய கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்டுக்கு அப்போது 56 வயது. எட்டாத இரண்டு உச்ச சுரங்களைத் தயாரிப்பாளருக்குப் பின்னாளில் மனைவியான எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் அருகிலிருந்து பாடிக்கொடுத்தார். பதிவு இன்றும் அந்த ஓபராவின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அதில் இவ்வாய்வுக்கும் கருத்து வேறுபாடில்லை.

தட்டில் உறை செய்வதை மேடையில் உடலசைவு செய்கிறது. சியா-ஜங் சாய் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவருள் வென்றவர் யார் என்று கேட்கப்பட்டது. ஒலியை மட்டும் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகச் சொல்லவில்லை. ஒலியே இல்லாத காட்சித் துண்டைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ பாதி முறை சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். ஆள் எடுக்கும்போது வாத்தியக் குழுக்கள் திரை கட்டியதும், காலணி ஓசை காட்டிக்கொடுக்காமலிருக்கக் கம்பளம் விரித்ததும் காரணமில்லாமல் இல்லை.

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை: விமர்சகருக்குத் தட்டை உறையில்லாமல் அனுப்புக. பத்திரிகைகள் இதை ஏற்கமாட்டா என்பது தெரிந்ததே. உறைக்குறிப்பு இல்லாவிட்டால் மதிப்புரையின் முதல் பாதிக்கு என்ன எழுதுவது?

ஏற்கத் துணியும் பத்திரிகைக்கு ஒரு செய்முறை எச்சரிக்கை. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்க வேண்டும். ஒன்று இம்மி கூடினாலும் கேட்பவர் அதை ‘சத்தம் அதிகம்’ என்று சொல்வதில்லை. ‘உயிர்ப்பு அதிகம், நுணுக்கம் தெளிவு’ என்று எழுதிவிடுகிறார். ஒலிபெருக்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இது பழைய வித்தை. இந்தச் சமன்படுத்தலையும் காதால் செய்யக் கூடாது. அளவுமானி வைத்துத்தான் செய்ய வேண்டும். இதற்குச் செவிக் கட்சியார் மறுப்பு எழுதினால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளப்படும், பெயர் நீக்கி.