லைட்டுக்காரப் பேராண்டிக்கு

வாடா பேராண்டி. திருவிழா நாடகத்துக்கு நீதான் லைட்டாமே? பட்டணத்துல படிச்ச புள்ள, உனக்கு நான் சொல்லியா தெரியணும்? இருந்தாலும் கெழவன் வாய் சும்மா கெடக்காது, கேட்டுக்க.

மொத வேலையா, எல்லா லைட்டையும் நேர் எதுக்க நிறுத்தி மூஞ்சியிலயே அடி. ராஜபார்ட்டு மொகம் தோசைக்கல்லு கணக்கா தட்டையாயிரும். லீவுக்கு வந்தப்ப வாசிச்சுக் காட்டுனியே, அமெரிக்காவுல மெக்கேண்ட்லெஸ்னு ஒரு வாத்தியாரு 1932லயே எழுதுனாருன்னு? வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு, ரெண்டும் 45 டிகிரி சாய்வுல மேலருந்து விழணும். ஒண்ணு வெதுவெதுப்பான நெறம், இன்னொண்ணு குளிர்ச்சியான நெறம். அப்பத்தான் மூக்கும் முழியும் எடுப்பாத் தெரியும்னு? அவரு நம்மூரு நாடகத்தைக் கண்டாரா? தள்ளு.

கீழருந்து மட்டும் அடிச்சுப் பாரு. மோவாயில வெளிச்சம், கண்ணுல இருட்டு. வள்ளி சிரிச்சா முருகன் மயங்க மாட்டாரு, வேப்பிலை தேடுவாரு.

முதுகுப் பக்கம் லைட்டு எதுக்கு, தண்டச் செலவு? தோள்லயும் தலையிலயும் ஒரு கீத்து விழுந்தா ஆளு படுதாவை விட்டுப் பிரிஞ்சு தெரிவான். என்னத்துக்குப் பிரிக்கணும், ஒட்டியே நிக்கட்டும்.

தினைப்புனம் பச்சைப் படுதாதானே? செவப்பு லைட்டைப் போடு. செவப்புல பச்சை கறுத்துப் போகும். தினையே கருகிப்போனா வள்ளிக்கு ஆலோலம் பாடுற வேலையும் மிச்சம்.

லைட்டைத் தூரமா வையி. ரெண்டு பங்கு தள்ளுனா வெளிச்சம் கால்வாசிதான் வந்து சேரும். பத்தலையா, இன்னொண்ணு சொருகு. 15 ஆம்பியர் பிளக்கு ஆயிரம் வாட் லைட்டு மூணுதான் தாங்கும்னு வயர்மேன் சொல்லுவான், அவன் பயந்தாங்கொள்ளி. ஃபியூஸ் போனா பபூன் இருட்டுலயே சமாளிச்சுக்குவான். உன்னைப் பத்திப் பேசவே அவனுக்கு விடியவிடிய விசயம் இருக்கும்.

தலைக்கு மேல தொங்குற லைட்டுக்கு மட்டும் கொக்கியோட சங்கிலியும் போட்டுரு. இது வெளையாட்டுப் பேச்சு இல்ல.

நோட்டீஸ்ல உன் பேரைக் கொட்டை எழுத்துல போடச் சொன்னியாமே? வீண்செலவுடா. லைட்டு சரியா விழுந்தா சனம் ராஜபார்ட்டைத்தான் பேசும். நான் சொன்னபடி போட்டுப் பாரு, 'எவன்டா அந்த லைட்டுக்காரன்'னு கொட்டகையே எந்திரிச்சு உன்னைத் தேடும்.